ஆரோக்கியசாலையும் அரசு மருத்துவமனையும்

ஸ்ரீரங்கம் கோயிலில் சக ஆண்டு 1415, அதாவது கி.பி. 1493ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சிதைந்து கிடந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் என்றும் அழைக்கப்பட்ட சீனிவாசன் என்பவர் எடுத்துக் கட்டினார், அங்கே தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார் என்று அது சொல்கிறது. சாலை முதலில் தோன்றியது அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு. போசளர்கள் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் இருந்து ஆண்ட காலத்தில், மன்னன் வீர ராமநாதனின் தண்டநாயகன் ஒருவன் நிலம் விட்டு ஏற்படுத்திய அறம் அது. பொறுப்பு கருடவாகனர் என்ற வைத்தியர் மரபிடம் ஒப்படைக்கப்பட்டது. ராமாநுஜர் காலத்திலேயே இந்த மரபு தொடங்கிவிட்டதாகச் சம்பிரதாயம் சொல்லும். நாவற்பழமும் தயிர்ச்சோறும் சேர்ந்து அரங்கனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ராமாநுஜர் கண்டு, கஷாயம் கொடுக்கச் சொன்ன கதை ஸ்ரீரங்கத்தில் இன்றும் வழங்குகிறது. தன்வந்திரி சன்னதியும் கோயிலுக்குள் இருக்கிறது. அந்தப் பழைய மருத்துவசாலை இல்லை.

ஏழைக்கு மருத்துவம் பார்க்க வேண்டியது அரசா, அறமா என்ற கேள்விக்கு இந்தக் கல்வெட்டைத்தான் பலர் முதல் சாட்சியாக அழைக்கிறார்கள். ‘அன்றைக்கே கோயில்கள் மருத்துவமனை நடத்தின, அரசு கோயில்களில் தலையிடாமல் விட்டால் இன்றும் நடத்தும்’ என்பது அவர்கள் வாதம். கல்வெட்டை நிதானமாகப் படித்தால் அது வேறொன்றையும் சொல்வது தெரியும். 14ஆம் நூற்றாண்டின் படையெடுப்பில் கோயில் சூறையாடப்பட்டது. உற்சவரான நம்பெருமாள் ஊர் ஊராக எடுத்துச் செல்லப்பட்டு, 1371இல் திரும்பி வந்தார். பூசைகள் மீண்டன, நிலங்கள் மீண்டன, திருவிழாக்கள் மீண்டன. ஆரோக்கியசாலை மீள்வதற்கு அதன்பின் 120 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவும், முன்னோர் செய்த தொண்டை நினைவில் வைத்திருந்த ஒருவர் முன்வந்ததால். அவர் வராமல் இருந்திருந்தால் கேட்பார் யாரும் இல்லை. நோயாளிக்குக் கேட்கும் உரிமை இருந்ததாகக் கல்வெட்டில் எங்கும் இல்லை. கொடுப்பவனின் புண்ணியம்தான் அதில் பதிவாகியிருக்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

சோழர் காலச் சாட்சியம் இன்னும் விரிவானது. காஞ்சிபுரம் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. காலம் ஏறக்குறைய 1068. ‘வீரசோழன்’ என்ற பெயருடைய ஆதுலசாலையின், அதாவது மருத்துவசாலையின், வரவுசெலவுக் கணக்கே அதில் பொறிக்கப்பட்டுள்ளது. படுக்கைகள் 15. படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை, அதாவது அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து காய்ச்ச இரண்டு ஆட்கள். நோயாளிக்கு மருந்து கொடுத்துப் பணிவிடை செய்ய இரண்டு பெண்கள். நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டு வருபவர் ஒருவர். ஓராண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டிய சுமார் இருபது மருந்துகளின் பெயர்கள். இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய். ஒரு மருத்துவமனையை நடத்த என்ன வேண்டும் என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்தவர்கள் மீது மரியாதை வராமல் இருக்காது.

ஆனால் அந்தப் 15 படுக்கைகளில் படுத்தவர்கள் யார்? கோயிலோடு இணைந்த வேதக் கல்லூரியின் மாணவர்கள், ஆசிரியர்கள், கோயில் பணியாளர்கள். ஊர்க்குடியானவனுக்கோ, சேரிக்காரனுக்கோ அதில் இடம் இருந்ததாகச் சொல்லப்படவில்லை. இதற்கு இணையாகத் திருச்சியில் ஒன்றைத் தேடினால், பொன்மலை ரயில்வே மருத்துவமனையைத்தான் காட்ட வேண்டும். ஒரு பெரிய நிறுவனம் தன் ஆட்களின் உடல்நலத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பொன்மலைப் பணிமனையில் வேலை இல்லாதவருக்கு அது எந்த வகையில் உதவும்? ஆதுலசாலையை ஏழைகளுக்கான தர்ம ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொள்வது நம் காலத்து ஆசையை அந்தக் காலத்தின் மேல் ஏற்றிப் பார்ப்பது.

ஸ்ரீரங்கத்து ஆரோக்கியசாலையின் கதவு யாருக்குத் திறந்தது என்பது தெளிவாகத் தெரியவில்லை என்றாலும், அது கோயிலோடு சேர்ந்த அறம் என்பதை மறக்கக்கூடாது. தாழ்த்தப்பட்ட மக்கள் தமிழ்நாட்டின் பெருங்கோயில்களுக்குள் நுழைய வழி பிறந்தது 1939இல். அந்த ஆண்டு ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துச் சென்றார். அதைக் காக்கச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகள் முழுவதும், எவருக்கு நோயும் பசியும் அதிகமோ அவர் சன்னதி வீதியிலேயே கால்வைக்கத் தயங்க வேண்டியிருந்தது. மதில்களுக்கு உள்ளே எவ்வளவு நல்ல வைத்தியர் இருந்தாலும், வெளியே நிறுத்தப்பட்டவருக்கு அவர் இல்லாதவர்தான்.

இது இந்து அறத்துக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நன்கொடையால் நடந்த மருத்துவமனைகளில் சேர, சந்தா கட்டிய கனவான் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டியிருந்தது. ‘தகுதியுள்ள ஏழை’ என்று அவர் சான்று தர வேண்டும். குடிகாரன், பாலியல் நோய் வந்தவள், கலியாணமாகாத கர்ப்பிணி என்று பலர் அந்த வரையறைக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். 1948இல் தேசிய நலச் சேவை தொடங்கியபோது, உண்டியல் குலுக்கிக் காலம் தள்ளிக்கொண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்த மருத்துவமனைகளை அரசு எடுத்துக்கொண்டது. அவற்றில் பல ஏற்கெனவே கடனிலும் அரசு உதவியிலும் தத்தளித்தன. அறம் இல்லாமல் போய்விடவில்லை. நவீன மருத்துவத்தின் செலவுக்கு அது ஈடுகொடுக்கவில்லை.

திருச்சியில் சாதி பாராமல் கதவைத் திறந்த பெருமையில் கிறிஸ்தவ மிஷன்களுக்குப் பங்குண்டு. மத நோக்கம் அதில் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணில் புரை விழுந்த கிழவிக்கு, மருத்துவர் எந்த நோக்கத்தில் வந்தார் என்பதைவிட வந்தாரா என்பதே பெரிது. 1934இல் டாக்டர் ஜோசப் ஞானாதிக்கம் திருச்சியில் தொடங்கிய கண் மருத்துவமனை, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையோடு இணைந்த ஜோசப் கண் மருத்துவமனையாக இன்றும் நடக்கிறது. நோயாளி நகரத்துக்கு வரும்வரை காத்திராமல், கிராமத்துக்குப் போய்க் கண் முகாம் போடும் பழக்கத்தைத் தமிழகத்தில் வளர்த்த நிறுவனங்களில் அது முக்கியமானது. 1976இல் மத்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு, இதுபோன்ற தொண்டு மருத்துவமனைகள் செய்யும் இலவசப் புரை அறுவை ஒவ்வொன்றுக்கும் அரசு மானியம் தரத் தொடங்கியது. முகாம் போடுவது தொண்டு நிறுவனம், செலவில் ஒரு பங்கைத் தாங்குவது அரசு, பஞ்சாயத்துத் திண்ணையில் ஆட்களைத் திரட்டித் தருவது ஊர். தமிழ்நாட்டில் கண்புரையால் பார்வை இழப்பது குறைந்ததற்கு இந்தக் கூட்டு பெரிய காரணம்.

ஆனால் புரை அறுவை அறத்துக்கு ஏற்ற வேலை. ஒரே நாளில் முடியும், பலன் கண்ணெதிரே தெரியும், செலவை முன்கூட்டியே கணக்கிடலாம். இருபது ஆண்டு தொடரும் சர்க்கரை நோய்க்கு எந்த நன்கொடையாளரும் பலகை வைப்பதில்லை. சாக்கடைக்கும் அப்படித்தான். ஸ்ரீரங்கத்தின் பொது சுகாதார வரலாற்றில் எந்த வைத்தியரையும்விட முக்கியமான பாத்திரம் காலரா. வைகுண்ட ஏகாதசிக்கு வந்து கூடும் பெருங்கூட்டம், காவிரித் தண்ணீர், கழிப்பிடம் இல்லாத கரைகள். யாத்திரிகர்கள் வழியாகக் காலரா ஊர்களுக்குப் பரவுவது காலனிய அரசின் தீராத தலைவலியாக இருந்தது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே அந்த வகையில் முதலாவது. சந்தை, திருவிழாக்களின் சுகாதாரத்துக்கென்று அதில் தனியாக விதிகளே இருக்கின்றன. தண்ணீரைக் குளோரின் போட்டுக் குழாயில் விடுவது, ஊசி போடுவது, கழிவை அகற்றுவது என்று காலராவை விரட்டிய ஒவ்வொரு வேலையும் வரி வாங்கும் அதிகாரமும் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் உள்ள ஓர் அமைப்பால்தான் முடிந்தது. எவ்வளவு பெரிய மடமானாலும் பக்கத்துத் தெருக்காரனைச் சாக்கடை இணைப்பு எடுக்கச் சொல்ல முடியாது.

அரசு மருத்துவம் என்றால் புத்தூர் பெரியாஸ்பத்திரி என்பதுதான் திருச்சிக்காரர்களின் மனப்படம். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை என்பது அதன் பெயர். 1997இல் தொடங்கிய கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி அதோடு இணைந்தது. சித்த மருத்துவத்தையும் தமிழையும் இரு கண்ணாகக் கொண்ட ஒருவரின் பெயரை நவீன மருத்துவக் கல்லூரிக்கு வைத்தது பொருத்தமான மரியாதை. காலையில் ஓ.பி. சீட்டுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால், பெரம்பலூர், அரியலூர், கரூர், புதுக்கோட்டை என்று நாலு திசைப் பேச்சும் கேட்கும். சீட்டு எழுதும் ஊழியர் பெயர், வயது, ஊர் கேட்பார். எந்தக் கோயில், எந்தச் சபை, யார் அனுப்பினார்கள் என்று கேட்கமாட்டார். அந்தக் கேள்விகள் இல்லாமல் இருப்பதுதான் நாம் ஆயிரம் ஆண்டு கழித்து அடைந்தது.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் வாங்கும் மாத்திரை அட்டையின் பின்புறம் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்கும். அந்த வரிக்குப் பின்னால் ஒரு நிர்வாகச் சாதனை இருக்கிறது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. அதற்கு முன் ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக மருந்து வாங்கியது. தட்டுப்பாடும் கமிஷனும் கூடவே வந்தன. கழகம் வந்த பிறகு மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே டெண்டர், மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு தொகுதி மருந்தும் பரிசோதனைக்குப் பின்பே வெளியே செல்லும் முறை, மருத்துவமனை எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதைக் காட்டப் பாஸ்புக். பல மாநிலங்கள் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. திருமுக்கூடல் கல்வெட்டு ஓராண்டுக்கான மருந்துப் பட்டியலை எழுதியதும், இந்தப் பாஸ்புக் எழுதுவதும் ஒரே அக்கறையில் பிறந்தவை. பதினைந்து படுக்கைக்குச் செய்ததை ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்குச் செய்ய ஓர் அரசு தேவைப்பட்டது.

2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 28 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. தமிழ்நாட்டில் 13. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் செவிலியர், கர்ப்பிணிக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான நிதியுதவி, 2008 முதல் ஓடும் 108 வண்டி எனப் பல கைகள் சேர்ந்து இறக்கிய எண் அது.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது அரசு விளம்பரமாகிவிடும். கூட்டம் தாங்க முடியாதது. ஸ்ட்ரெச்சர் தள்ளுபவருக்கும், பிறந்த குழந்தையைக் காட்டுபவருக்கும் கையில் ஏதாவது வைக்க வேண்டியிருப்பது தமிழகம் முழுதும் அறிந்த அவமானம். ஏழைகளுக்குப் பேச நேரமில்லாத மருத்துவர், அதட்டும் ஊழியர், மாதக்கணக்கில் நிரப்பப்படாத பணியிடம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய ஏற்பாடு பெரிய அறுவைகளை ஏழைக்கு எட்டச் செய்தது உண்மை. அதே வேகத்தில் பொதுப்பணம் தனியார் மருத்துவமனைகளுக்குப் போகவும் அது வழி வைத்தது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22இல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது. 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்ததற்கு இது பெரிய இறக்கம் என்றாலும், நோய் வந்தால் தாலிக்கொடி அடகுக்குப் போகும் நிலை முடிந்துவிடவில்லை.

இத்தனைக்கும் பிறகு நான் அரசு பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒரு வழக்கு. 1992இல் கல்கத்தா அருகே ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயக் கூலியை, படுக்கை இல்லை, கருவி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் பணம் கட்டிப் பிழைத்தார். 1996இல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை தராமல் அரசு மருத்துவமனை திருப்பி அனுப்புவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்து, அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. நிதி இல்லை என்பதைச் சாக்காகச் சொல்ல முடியாது என்றும் கூறியது. தர்ம ஆஸ்பத்திரி ஒன்று ‘இன்று முடியாது’ என்றால் கும்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அரசு ஆஸ்பத்திரி அப்படிச் சொன்னால் சண்டை போடலாம், மனு கொடுக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம், அடுத்த தேர்தலில் வாக்கை மாற்றலாம். ஏழைக்கு மருத்துவத்தைவிட முதலில் தேவைப்படுவது இந்தச் சண்டை போடும் உரிமை.

அப்படியானால் கோயிலும் சபையும் தர்காவும் ஒதுங்கிக்கொள்ளலாமா? குணசீலம் அப்படிச் சொல்லவிடாது.

திருச்சியிலிருந்து முசிறி வழியாகச் சேலம் போகும் சாலையில், காவிரியின் வடகரையில் இருக்கிறது குணசீலம். பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். மனநிலை பாதித்தவர்களை அழைத்துவந்து ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைப்பது இங்கு நெடுநாள் வழக்கம். பூசை முடிந்ததும் அவர்களை வரிசையாக அமரவைத்து முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். இதேபோல் மனநிலை பாதித்தவர்களை அழைத்துவரும் இன்னொரு தலம் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், அங்கே தர்காவை ஒட்டிய ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளில் 28 பேர் இறந்தார்கள். கட்டு அவிழ்த்து ஓட முடியாமல் எரிந்தார்கள். அங்கே அறமும் இல்லை, அரசின் கண்காணிப்பும் இல்லை. நம்பிக்கையோடு வந்த குடும்பங்களின் இயலாமையை வைத்து நடந்த வியாபாரம்தான் இருந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. உரிமம் இல்லாத காப்பகங்கள் மாநிலம் முழுதும் மூடப்பட்டன.

அந்த நெருக்கடியில் குணசீலம் வேறொரு வழி கண்டது. நோயாளிகளை விரட்டவில்லை, வழக்கத்தையும் கைவிடவில்லை. கோயில் நிர்வாகம் அறைகளோடு ஒரு மறுவாழ்வு மையத்தைக் கட்டி, மனநலச் சட்டப்படி உரிமம் பெற்றது. மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார், மாத்திரை கொடுக்கப்படுகிறது, வேளைக்குத் தீர்த்தமும் தெளிக்கப்படுகிறது. உடன் ஒரு உறவினர் தங்குகிறார். சங்கிலி கிடையாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த இடத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்துவிட்டது. ஏர்வாடியிலும் பின்னர் தொழுகையோடு மருந்தையும் சேர்த்துத் தரும் ‘தவா-துவா’ திட்டம் வந்தது.

தீர்த்தத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் சில வாரங்கள் தங்கிய 31 மனநோயாளிகளைப் பரிசோதித்தது. மருந்தோ, தனிச் சடங்கோ இல்லாமலே நோய்க்குறிகளின் கடுமை ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. யாரும் அதட்டாத, கல்லெறியாத, ஒரு வேலை கொடுத்து மனிதராக நடத்தும் இடம் கிடைத்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மருந்து வேண்டாம் என்பதற்கு இது ஆதாரமாகாது. அரசு மனநல வார்டால் தர முடியாத ஒன்றைக் கோயில் திண்ணை தருகிறது என்பதற்கு ஆதாரம். ‘பைத்தியம் பிடித்தவள்’ என்று ஊர் சொல்லும் பெண், குணசீலத்துக்கு வந்தால் ‘பெருமாளிடம் வந்திருப்பவள்’. குடும்பத்துக்கு அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது மனநோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிகிச்சையின் பொறுப்பைச் சட்டமும் உரிமமும் பெற்ற மருத்துவரும் ஏற்க, அரவணைப்பைக் கோயில் ஏற்கும்போதுதான் இது நிகழ்கிறது. உரிமமும் மருத்துவரும் விலகினால் குணசீலம் ஏர்வாடியாக அதிக நாள் ஆகாது.

கோயில் நிதியைப் பற்றியும் பேச வேண்டும். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், கோயிலின் உபரி நிதியைச் செலவிடக்கூடிய காரியங்களில் மருத்துவமனையையும் மருந்தகத்தையும் சேர்த்திருக்கிறது. 2021 இறுதியில் பெரிய கோயில்களில் முதலுதவி மருத்துவ மையங்கள் திறக்கப்பட்டன. ஸ்ரீரங்கமும் அவற்றில் ஒன்று. வெயிலில் மயங்கும் பக்தருக்கு அது உயிர் காக்கும். அதை அரசு மருத்துவத்துக்கு மாற்றாக யாரும் காட்டிவிடக்கூடாது. கோயில் நிதியில் கல்லூரி தொடங்கும் அறிவிப்பே உயர் நீதிமன்றம் வரை போன மாநிலம் இது. பக்தர் போட்ட காணிக்கையை வைத்து, வரிப்பணத்தில் அரசு செய்ய வேண்டிய கடமையை ஈடுகட்டுவது இரு பக்கத்துக்கும் அநியாயம். திருப்பதி தேவஸ்தானம் பெரிய மருத்துவமனைகளையே நடத்துகிறதே என்பார்கள். திருப்பதிக்கு வரும் வருமானம் ஒரு விதிவிலக்கு. அதை வைத்து மாநிலத்தின் கொள்கையை வகுக்க முடியாது.

ஸ்ரீரங்கத்தால் செய்யக்கூடியது, செய்ய வேண்டியது வேறு இருக்கிறது. புத்தூர் மருத்துவமனையில் நோயாளிக்குப் படுக்கை கிடைத்துவிடும். உடன் வந்த மனைவியோ தாயோ வராந்தாவிலும் மரத்தடியிலும் முந்தானையை விரித்துப் படுக்கிறாள். குளிக்க இடமில்லை, பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை, இரண்டாம் வாரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். நோயாளியைப் பாதியில் வீட்டுக்கு அழைத்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மருந்துக்குப் பணம் இல்லாததால் அல்ல, காத்திருக்க வழியில்லாததால். யாத்திரிகருக்குச் சத்திரம் கட்டும் மரபு திருச்சிக்குப் புதிதல்ல. நகரத்தின் ஒரு பேருந்து நிலையமே சத்திரத்தின் பேரால் அழைக்கப்படுகிறது. 2012 முதல் ஸ்ரீரங்கம் கோயிலில் நாள் முழுதும் அன்னதானம் நடக்கிறது. சமைக்கும் கையும் பாத்திரமும் அனுபவமும் அங்கே இருக்கின்றன. காவிரிப் பாலத்தைத் தாண்டிப் புத்தூருக்கு இரண்டு வேளைச் சோறு அனுப்புவதும், ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு விடப்பட்டும் பூட்டியும் கிடக்கும் அறக்கட்டளைக் கட்டடங்களில் ஒன்றிரண்டை நோயாளிகளின் துணைக்கு வந்தவர்களுக்குத் திறப்பதும் சட்டத்தை மீறாத காரியங்கள். மேலப்புதூரின் சபைகளும் நத்தர்ஷா தர்காவும் இதில் சேரலாம். யார் தங்கலாம் என்பதை மருத்துவமனையின் சேர்க்கைச் சீட்டு முடிவு செய்யட்டும், சாதியோ சமயமோ வேண்டாம்.

இன்னொன்று, சாகப்போகிறவர்களின் பராமரிப்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கு வந்து புற்றுநோயாளியின் புண்ணுக்கு மருந்து வைக்கிறார், வலிக்கு மாத்திரை தருகிறார். அரை மணி நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். மீதி நேரம் அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார, தூக்கிப் படுக்கவைக்க, பாசுரமோ ஜெபமோ சூராவோ படித்துக்காட்ட, நாளெல்லாம் பார்த்துக் களைத்த மகளைக் கொஞ்ச நேரம் தூங்கவிட ஆள் வேண்டும். அதற்குச் சம்பளம் போட்டு எந்த அரசாலும் ஆள் வைக்க முடியாது. ஸ்ரீரங்கத்தின் வீதிகளில் ஓய்வுபெற்றவர்கள் ஏராளம். கைங்கரியம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். சுகாதாரச் செவிலியரிடம் எந்தத் தெருவில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்ற பட்டியல் இருக்கிறது. நோயாளியின் சம்மதத்தோடு அந்தப் பட்டியலும் இந்தக் கைகளும் சந்திக்க, கோயில் நிர்வாகமும் மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவும் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் போதும்.